ஒரு சாண் வழி

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் ஏறி அரியலூர் போக வேண்டும். ஆனால் ரயிலே வராத எங்கள் ஊரில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. பெண்கள் விளையாட்டு விடுதியில் பாஸ்கெட்பால் ஆடிய பிள்ளைகள் எல்லோரும் ஓர் அக்காவை அப்படித்தான் சொல்லுவோம். பந்தோடு ஓடி வருகிறவளின் குறுக்கே அவள் வந்து நின்றுவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. சுற்றிக்கொண்டும் போக முடியாது, தாண்டியும் போக முடியாது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. அவளிடம் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். கேட்கும் முகம் எனக்கு இல்லை என்பது இன்னொன்று. என்னைவிட ஒரு வகுப்பு மூத்தவள். அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

விடுதியில் சேர்ந்தபோது எனக்குத் திமிர் அதிகம். பத்து முறை எறிந்தால் எட்டு முறை பந்தைக் கூடைக்குள் போட்டுவிடுவேன். அந்த வயதில் அது போதும், தலை கனக்க. முதல் நாள் எங்கள் பயிற்சி மாஸ்டர் என்னை அக்காவின் எதிரில் நிறுத்தி, "இவளத் தாண்டிப் போயி ஒண்ணு போடு" என்றார். அன்று சாயங்காலம் முழுக்க முயன்றேன். ஒன்றுகூடப் போட முடியவில்லை. கண்ணால் ஒரு பக்கம் காட்டி இன்னொரு பக்கம் ஓடினேன்; அங்கே நின்றாள். தலையை ஆட்டி ஏமாற்றப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் பந்தைத் தூக்கித் தரையில் அடித்துவிட்டு அழுதேன்.

அவள் பந்தை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். "கண்ணு பொய் சொல்லும். கையி பொய் சொல்லும். தலகூட பொய் சொல்லும்டி. இடுப்பு மட்டும் சொல்லாது. அது எங்கிட்டு திரும்புதோ அங்கிட்டுத்தான் நீ போவ. நான் உன் மூஞ்சியவே பாக்கல" என்றாள்.

பிறகு கவனித்தேன். ஆட்டத்தில் மட்டுமல்ல, மெஸ்ஸில் சாப்பாட்டு வரிசையில் நின்று பேசும்போதுகூட அவள் பார்வை எதிராளியின் இடுப்பில்தான் இருக்கும். "யக்கா, கேக்குறியா இல்லியா?" என்றால், "நீ தண்ணி குடிக்கப் போற. போயி குடிச்சிட்டு வந்து சொல்லு" என்பாள். உண்மையில் தாகமாகத்தான் இருக்கும்.

அவளுக்குக் குன்னத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அப்பா அம்மா இருவரும் கூலிக்காரர்கள். கையகலக் காடும் சொந்தமாகக் கிடையாது. மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற மாதங்களில் அடுத்தவர் காட்டில் பன்றிக் காவல் இருப்பார்கள். காட்டுப்பன்றி கூட்டமாக வந்து ஒரு பொழுதில் ஒரு காட்டையே படுக்க வைத்துவிட்டுப் போகும். மற்றவர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு பின்னால் ஓடுவார்களாம். அக்காவின் அப்பா ஓட விடமாட்டாராம். "பன்னிய தொரத்தக் கூடாது. தொரத்துனா அது சோளத்துக்குள்ளாறதான் ஓடும். வர்ற வழியில முன்னாடியே போயி நின்னுக்கணும், அது திரும்பிப் போயிடும்" என்று அவர் சொன்னதாக அவள் சொல்லுவாள். பாஸ்கெட்பாலைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். போதுமானதாக இருந்தது.

சனி ஞாயிறு ஊருக்குப் போய்விட்டு வந்தால் அவள் கையில் சின்ன வெங்காய வாசனை நாலு நாளைக்குப் போகாது. வீட்டில் எல்லோரும் வெங்காயத் தாள் அறுக்கப் போவார்கள், அவளும் போவாள். எதிர் அணிப் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். ஒருமுறை கரூர்க்காரி ஒருத்தி ரெஃப்ரீயிடமே போய், "சார், இவ கைய மூஞ்சிகிட்ட கொண்டு வர்றா, கண்ணு எரியுது" என்று புகார் சொன்னாள். ரெஃப்ரீ சட்டப் புத்தகத்தில் வெங்காயத்துக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாங்கள் பெஞ்சில் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து புளி போட்டுக் கை தேய்த்துவிட்டு வந்தாள்.

ஆட்டத்துக்கு முன்னால் பிளேடால் நகத்தைச் சதையொட்டி வெட்டிக்கொள்வாள். எதிராளிமேல் ஒரு கீறல் விழுந்தால் அது தன் தப்பாகிவிடும் என்ற பயம். தப்பு தன்மேல் இருக்கக் கூடாது. எதிராளிமேல்தான் இருக்க வேண்டும். அதற்காக எந்த அடியையும் வாங்கிக்கொள்வாள். எங்கள் ஆட்டத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. தடுக்கிறவள் முன்கூட்டியே வந்து இரண்டு காலையும் ஊன்றி அசையாமல் நிற்கும்போது, பந்தோடு வருகிறவள் மோதினால் குற்றம் மோதியவளுடையது. சார்ஜ் என்று விசில் ஊதி பந்தைத் தடுத்தவள் அணிக்குக் கொடுத்துவிடுவார்கள். பொதுவாக மோதல் வருகிறது என்று தெரிந்தால் உடம்பு தானாகவே விலகும். அவள் உடம்பு விலகாது. மல்லாந்து விழுவாள். பின்மண்டை சிமெண்டுத் தரையில் ணங்கென்று அடிக்கும். விழுந்த இடத்திலிருந்தே, "சார், சார்ஜ்தானே சார்?" என்று கேட்பாள். "சார்ஜ்தாம்மா, எழுந்திரு" என்று அவர் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பாள்.

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. ஏதோ வரம் கேட்கிற மாதிரி இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஸ்கோர் ஷீட்டைப் பார்க்க ஓடுவோம். என் பெயருக்கு நேரே பதினெட்டு, இருபது என்று இருக்கும். அவள் பெயருக்கு நேரே ஒன்றும் இருக்காது. சில நாள் ஒன்றிரண்டு ஃபவுல் மட்டும் இருக்கும். அவளால் பூஜ்யத்தில் நிறுத்தப்பட்டவளின் பெயருக்கு நேரேயும் ஒன்றும் இருக்காது. ஆனால் அதை யார் செய்தது என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் விடுதியில் அத்தனை பேருக்கும் ஒரே கனவுதான்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓர் ஆபீஸ் வேலை. காலையில் கையெழுத்து, மதியம்வரை நாற்காலி, சாயங்காலம் ஆபீஸ் அணிக்கு ஆட்டம், மாதக் கடைசியில் சம்பளம். அந்த வேலை பந்து போடுகிறவளுக்குத்தான் கிடைக்கும் என்று நாங்கள் நம்பினோம். ஆள் எடுக்க வருகிற ஆபீஸர்கள் ஸ்கோர் ஷீட்டைத்தான் கேட்டு வாங்குவார்கள் என்று எவளோ ஒருத்தி எப்போதோ சொல்லிவைத்தாள். வருஷா வருஷம் அது வேதவாக்காக இறங்கி வந்தது. மாஸ்டரும் மறுத்துச் சொன்னதில்லை. அக்காவும் அதை நம்பினாள். நம்பிக்கொண்டே தடுத்தாள். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் இருந்தபோது என் தாய்மாமன் விடுதிக்கு வந்தார். அப்பா செத்த பிறகு எங்களுக்குச் சோறு போட்டவர் அவர்தான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி வைத்திருந்தார். வயது முப்பத்தைந்து, முறை மாப்பிள்ளை. ஆடியது போதும், வீட்டுக்கு வா, வைகாசியில் கல்யாணம் என்று என் பையைப் பிடுங்கினார். கொஞ்சம் குடித்தும் இருந்தார். வார்டன் ஊரில் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் படியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அக்கா பள்ளி முடித்துவிட்டு, டவுனிலேயே கல்லூரியில் சேர்ந்து அதே விடுதியில் இருந்தாள். அவள் இறங்கி வந்து வாசலில் நின்றாள். காலை அகட்டி ஊன்றி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வழிய வுடு பாப்பா. இது எங்க வூட்டு விஷயம்."

"வார்டன் வரட்டும்ங்க. கையெழுத்துப் போட்டுட்டு கூட்டிட்டுப் போங்க."

"நகர்றியா இல்லியா?"

மாமன் இடப்பக்கம் போனார், அவள் அங்கே இருந்தாள். வலப்பக்கம் போனார், அங்கேயும் இருந்தாள். அவர் ஓங்கி அறைந்தார். அவள் தலை ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது, கால் நகரவில்லை. இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. மூன்றாவது அறைக்குக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றார். அசையாத ஆளை அடித்துக்கொண்டே இருப்பது குடிகாரனுக்கும் கூச்சமாக இருக்கும்போல. பையைக் கீழே போட்டார். "படிப்பு முடியற வரைக்குந்தான். அதுக்குள்ளாற வேல வாங்கிட்டா பொழச்சிப் போ. இல்லன்னா வைகாசிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். அவள் உற்சாகமாக இருந்தாள். "பாத்தியாடி? நான் கை வைக்கவே இல்ல. அவருதான் ஃபவுல்" என்றாள்.

அடுத்த மாசி மாதம் அரியலூரில் ஒரு டோர்னமெண்ட் நடந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரணியில் ஆறடி உயரப் பெண் ஒருத்தி. அதுவரை ஆட்டத்துக்கு முப்பது பாயிண்டுக்குக் குறையாமல் போட்டு வந்தவள். அக்கா அவளை நாலில் நிறுத்தினாள். நாங்கள் ஜெயித்தோம். சிறந்த ஆட்டக்காரி கோப்பையை நான் வாங்கினேன். பரிசு கொடுத்தவர் ஒரு சிமெண்டு கான்ட்ராக்டர், அந்தக் காலத்துக் கபடிக்காரர். மைக்கைப் பிடுங்கி, "எப்பவும் போட்டவளுக்கே குடுக்குறீங்க. புடிச்சவளுக்கும் ஒண்ணு குடுங்கய்யா. எங்க ஆட்டத்துலல்லாம் புடிக்கிறவனுக்கும் பேரு உண்டு" என்றார். பிறகு தானே ஆளனுப்பி ஓர் எவர்சில்வர் குடத்தை வாங்கிவரச் செய்து அக்காவிடம் கொடுத்தார். அதன் கழுத்தில் ‘சிறந்த தடுப்பு’ என்று பாத்திரக்கடைக்காரரே பெயர் வெட்டியிருந்தார். பஸ்ஸில் வரும்போது குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

அந்த ஆட்டத்தைப் பார்க்க பருத்திச் சேலை கட்டிய ஒரு மேடம் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பரிசளிப்பு முடிந்ததும் எங்கள் பக்கம் வந்து, எந்த ஊர்ப் பிள்ளைகள் என்று விசாரித்தார். முன்னால் போய்ப் பேசியது நான்தான். என் பெயர், என் பாயிண்டு, எல்லாம் சொன்னேன். அக்கா பின்னால் குடத்துக்குள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். சென்னையில் ஓர் ஆபீஸ் அணிக்குத் தான் கோச் என்றும், ஒரே ஓர் இடம் காலி இருக்கிறது என்றும், சித்திரையில் பெரம்பலூர் வருவதாகவும் அவர் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்காகத்தான் வருகிறார் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அவர் வருகிற அன்று காலையில் அக்கா குழாயடியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டத்தில் என்னைத் தடுக்கப்போவது அவள்தான் என்று முந்தின நாளே மாஸ்டர் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"யக்கா. இன்னைக்கு ஒரு நாளு கொஞ்சம் வுட்டுக் குடு."

பிளேடு நிற்கவில்லை.

"எடுக்கறது ஒரு ஆளுதான்க்கா. போடுறவளத்தான் எடுப்பாங்க, உனக்கே தெரியும். நீ நின்னீன்னா நானும் போட மாட்டேன், உன்னையும் எடுக்க மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிடும். எனக்கு வைகாசிக்கா."

ஐந்தாவது விரல்வரை வெட்டி முடித்தாள். தண்ணீரில் கையை அலசினாள். "போயி சாப்புடு. வெறும் வயித்துல ஓடாத" என்றாள்.

மைதானத்தில் அவள் எதிரே வந்து நின்றபோது அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் பந்தைத் தட்டிக்கொண்டு அவள் இடப்பக்கமாகப் பாய்ந்தேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் திறக்காத பக்கம். அவள் இடது கால் ஒரு சாண் பின்னால் போனது. அவ்வளவுதான், ஒரு சாண். அந்தச் சந்தில் நான் நுழைந்து பந்தைப் போட்டேன். மறுபடியும் போட்டேன். மூன்றாவது முறையும் போட்டேன். மேடம் நோட்டில் எதையோ அடித்துவிட்டு வேறெதையோ எழுதினார். பத்து நாளில் எனக்குக் கடிதம் வந்தது.

நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. சொன்னால், வாங்கியது பிச்சை என்று ஆகிவிடும் அல்லவா. சென்னைக்கு வண்டி ஏறும்போதே எனக்குள் கதை மாறிவிட்டது. அவள் அன்று சோர்ந்து இருந்தாள், நான் நன்றாக ஆடினேன். ஒரு வருஷத்தில் அதை முழுசாக நம்பினேன். நமக்குச் சாதகமான பொய்யை நம்புவதற்குச் சாட்சிகூட வேண்டாம்.

அக்கா காசுக்கு ஆடப் போனாள். வேலை கிடைக்காதவர்களுக்கு அது ஒரு பிழைப்பு. கெஸ்ட் பிளேயர் என்பார்கள். கோயம்புத்தூர், திண்டுக்கல், கரூர் என்று எந்த ஊர் கிளப் கூப்பிட்டாலும் பஸ் ஏறிப் போவாள். மற்ற கெஸ்ட்டுகளைப் பாயிண்டு போடக் கூப்பிடுவார்கள். இவளை ஒரு ஆளுக்காகக் கூப்பிடுவார்கள். எதிரணியில் யார் பெரிய ஆட்டக்காரியோ அவள் நம்பரைச் சொல்லி, ‘இவள மட்டும் பாத்துக்க’ என்று இறக்கிவிடுவார்கள். ஏழு வருஷம் அப்படி ஆடினாள். எத்தனையோ நட்சத்திரங்கள் அவள் கையில் அவிந்து போனார்கள். எந்தப் பேப்பரிலும் அவள் பெயர் வந்ததில்லை. ‘இன்னார் நேற்று சோபிக்கவில்லை’ என்றுதான் வரும்.

ஒரு நாள் நானும் சோபிக்கவில்லை.

அரியலூர், அதே மைதானம். எங்கள் ஆபீஸ் அணியில் அப்போது நான்தான் முதல் ஆள். எதிரே ஒரு கிளப். அவர்கள் பக்கத்திலிருந்து அக்கா இறங்கி வந்தாள். கறுத்து, ஒடுங்கி, கழுத்தெலும்பு தெரிந்தது. நகம் மட்டும் அப்படியே இருந்தது. "என்னடி, சாப்ட்டியா?" என்று சிரித்தாள். விசில் ஊதியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. என் இடுப்பைப் பார்க்க ஆரம்பித்தாள்.

முக்கால் ஆட்டம் முடிந்தது. என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. கூட்டம் கேலி செய்தது. இடப்பக்கம் போனேன், மூடியிருந்தது. மறுபடியும் இடப்பக்கமே போனேன். பெரம்பலூரில் திறந்த அந்த ஒரு சாணைத் தேடிப் போனேன் என்பதுதான் உண்மை. அது இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அன்று மட்டும் அவளாகத் திறந்தாள். ஏழு வருஷமாக நான் கட்டிவைத்திருந்தது பொலபொலவென்று உதிர்ந்தது.

நன்றி வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம் வந்தது. எனக்குப் பிச்சை போட இவள் யார் என்று நெஞ்சு கொதித்தது. பந்தை வாங்கி நேராக அவள்மேலேயே ஓடினேன். அவள் வந்து ஊன்றி நின்றதைப் பார்த்தேன். கைகள் மார்பில் இருந்ததைப் பார்த்தேன். நிற்க எனக்கு நேரம் இருந்தது. நான் நிற்கவில்லை.

காய்ந்த சோளத்தட்டை ஒடிகிற சத்தம் கேட்டது. அவள் இடது முட்டி உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. என் முழங்கை அவள் மேலேயே இருந்தது. வலியில் வெளுத்துப்போன முகத்தோடு அவள் என்னைப் பார்க்கவில்லை, ரெஃப்ரீயைத் தேடினாள்.

"சார்... சார்ஜ்தானே சார்?"

"சார்ஜ்தாம்மா."

"பந்து எங்களுது" என்றாள். பிறகுதான் கத்தினாள்.

அவளை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கிளப்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒரு கட்டு வைத்தியரிடம் கொண்டுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எலும்பு என்றால் அவர் கட்டியிருப்பார். அறுந்தது எலும்பு இல்லை, முட்டிக்குள் இருக்கும் தசைநார். எங்கள் அணி பஸ் ஆறு மணிக்குக் கிளம்பியது. நான் ஏறி உட்கார்ந்தேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வைத்தியர் வீடு பஸ் நின்ற தெருவுக்கு அடுத்த தெருதான். போகவில்லை. அதன் பிறகு அவள் எந்த மைதானத்திலும் இறங்கவில்லை.

போன வருஷம் எங்கள் கோச் மேடத்தை ஒரு விழாவுக்கு அழைத்திருந்தோம். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோச்சுக்காத. பெரம்பலூருக்கு நான் உன்னப் பாக்க வரல."

"பின்ன யாரப் பாக்க வந்தீங்க மேடம்?"

"அரியலூர் ஃபைனல்ல குடம் வாங்குச்சே, அந்தப் பொண்ணு. எங்க டீம்ல போடுறதுக்கு ஆறு பேர் இருந்தாங்க. நிறுத்துறதுக்கு ஒருத்தி இல்ல. ரெண்டு மாசமா மேல பேசி அந்த எடத்த வாங்கி வச்சிருந்தேன். அவ நம்பரத்தான் நோட்டுல எழுதிட்டு வந்தேன். ஆனா அன்னைக்கு மூணு தடவ உன்கிட்ட ஏமாந்துட்டா. அரியலூர்ல ஆடினது ஏதோ ஒரு நாள் அதிர்ஷ்டம்போலன்னு அடிச்சிட்டேன். வெறுங்கையோட திரும்ப முடியாதே. உன்ன எழுதினேன்."

பாதிச் சோற்றோடு இலையை மடித்தேன். அவள் எப்போதும்போல நின்றிருந்தால் போதும். நான் ஒரு பந்துகூடப் போடாமல் இருந்திருப்பேன். அந்த இடம் அவளுக்குப் போயிருக்கும். அவள் பெயரை அந்த நோட்டிலிருந்து அடிக்க வைத்தது நான்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். விசாரித்துக்கொண்டு போனபோது, சிறுவாச்சூருக்கு இந்தப் பக்கம் ஹைவேயை ஒட்டி ஒரு வெங்காயக் குடோனில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். தகரக் கூரையின் கீழ் இருபது பெண்கள் தரையில் உட்கார்ந்து பிளேடால் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கவிழ்த்துப் போட்ட பெயிண்டு வாளியின்மேல், இடது காலை நீட்டியபடி இருந்தாள். அந்தக் கால் மடங்காது.

நிமிர்ந்து பார்த்தாள். "ஏய், வாடி. எப்ப வந்த? சாப்ட்டியா?"

எங்கள் ஊரில் எல்லாத் துக்கத்தையும் இந்த ஒரு கேள்வியில் தாண்டிவிடுவார்கள். குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். மூலையில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்த எவர்சில்வர் குடம். வெட்டிய எழுத்து தேய்ந்து, ‘தடுப்பு’ மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

புருஷன் திருப்பூர் போனவன் முதலில் பொங்கலுக்கு வருவான், இப்போது பொங்கலுக்கும் வருவதில்லை என்றாள். பெண் நர்சிங் படிக்கிறாள் என்றாள். முட்டியைப் பற்றி நான் வாயெடுத்ததும், "ஆட்டம்னா படத்தான் செய்யும். சார்ஜ் குடுத்தாருல்ல, அது போதும்" என்று கையை ஆட்டினாள்.

"யக்கா, அன்னைக்கு பெரம்பலூர்ல..."

"எத? உனக்கு வுட்டதா?" பக்கத்துப் பெண்களைப் பார்த்துச் சிரித்தாள். "இவளுக்கு இன்னமும் அது உறுத்துது பாரு. அடியே, எப்படியும் என்னய எடுத்திருக்க மாட்டாங்கடி. புடிக்கிறவளுக்கு எந்த ஆபீஸ்ல நாக்காலி போட்டு வச்சிருக்கான்? அது தெரிஞ்சுதான் வுட்டேன். எனக்குக் கெடைக்கும்னு ஒரு துளி தெரிஞ்சிருந்தா வுட்டிருப்பனா? நான் என்ன தர்ம தேவதையா? உங்க மாமன இன்னொரு தடவ நிறுத்திக்கிட்டா போச்சுன்னு இருந்திருப்பேன்."

இத்தனை வருஷமாக அந்த வாளியில் அவள் உட்கார்ந்திருக்க முடிந்ததே இந்த ஒரு நினைப்பால்தான். தனக்குக் கிடைக்காததைத்தான் கொடுத்தோம் என்ற நினைப்பு. அதையும் பிடுங்கிக்கொண்டு போகவா நான் சென்னையிலிருந்து வந்தேன்? சொன்னால் என் பாரம் இறங்கும், அவள்மேல் ஏறும். சொல்லாவிட்டால் அவளை மறுபடியும் ஏமாற்றுகிறேன். இரண்டில் எது குறைந்த பாவம் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

"வரேன்க்கா. நேரமாச்சு" என்று எழுந்தேன்.

அவள் என்னைவிட வேகமாக எழுந்தாள். காலை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய், குடோன் வாசலில் என் பக்கம் திரும்பி நின்றாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயின.

"என்னமோ சொல்ல வந்த. சொல்லிட்டுப் போ."

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

கண்ணை நேராக வைத்துக்கொண்டேன். கையை ஆட்டவில்லை. தலை அசையவில்லை. அவள் இதில் எதையுமே பார்க்கவில்லை. அவள் பார்வை என் இடுப்பில் இருந்தது. அது எப்போதோ கார் நிற்கிற பக்கம் திரும்பியிருந்தது.

உள்ளே பிளேடுகளின் சத்தம் நின்றுவிட்டது. ஹைவேயில் ஒரு லாரி போய், அடுத்த லாரி வந்து, அதுவும் போனது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். குறுக்கே நிற்கும்போது அவள் ஒருத்தியின் முகத்தைப் பார்த்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு குனிந்து, மடங்காத அந்த இடது காலை முட்டிக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, ஒரு சாண் பின்னால் வைத்தாள்.

நான் அந்தச் சந்தில் நுழைந்து வெளியே வந்தேன்.